மூழ்கிய மரக்கலமும் முழங்கிய முரசும்

துணிவும் சூழ்ச்சியும் ஒருங்கே வாய்ந்த ஒருவனை "எம்டன்" என்று குறிப்பிடும் வழக்குத் தமிழிலே நூறாண்டுக்கு மேலாக நிலவி வருகின்றது. சிங்கள மக்களின் பேச்சிலும் இச்சொல் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குவதை யாம் அறிவோம். எம்டன் என்பது யேர்மனியின் வட கடற்கரையை அடுத்துள்ள ஒரு துறைமுக நகரத்தின் பெயர். அந்நகரைக் கண்ணாற் காணாத நம்மவரின் நாவில் அப்பெயர் நிலைபெற்றமைக்குக் காரணம், 1914 ஆம் ஆண்டில் வங்கக் கடலிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் பிரித்தானியரின் வணிகக் கப்பல்களை வேட்டையாடித் திரிந்த ஒரு யேர்மன் போர்க்கப்பல். ஊர்ப்பெயர் கப்பலின் பெயராகி, கப்பலின் பெயர் மக்களின் வியப்பைச் சுமந்து அகராதிச் சொல்லாயிற்று. கல்லில் எழுதியதைப் போலவே சொல்லில் எழுதியதும் வரலாற்றுச் சான்றேயாகும். நம் முன்னோர் ஒரு காலத்தில் எதைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பதற்கு இச்சொல் சான்று பகர்கின்றது.

அம்மகிழ்ச்சி அறத்தோடு பொருந்துமோ என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள். போர்க்காலத்திற் பகைவரின் வணிகக் கப்பல் மூழ்கிய செய்தி கேட்டு ஆரவாரித்தல் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது. இதைப் பற்றி எண்ணப் புகுவோர் இரு வேறு வினாக்களை ஒன்றாகக் கலந்துவிடுதல் வழக்கம். பகைவரின் வணிகக் கப்பலை மூழ்கடித்தல் தகுமா என்பது முதல் வினா. அது மூழ்கியதைக் கொண்டாடுதல் தகுமா என்பது இரண்டாம் வினா. முதலாவதற்குச் சருவதேசச் சட்டம் விடை கூற முயன்றுள்ளது. இரண்டாவதைப் பற்றிச் சட்டம் வாய்திறப்பதில்லை. அதனை ஆராயும் பொறுப்பு நம்முடையதாகின்றது.

முதற்கண் எம்டனின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். முதலாம் உலகப் போர் மூண்டபோது சீனக் கடற்கரையைத் தளமாகக் கொண்டிருந்த யேர்மன் கடற்படைப் பிரிவிலிருந்து 1914 ஓகஸ்ட் மாத நடுவிற் பிரிந்து, இந்து சமுத்திரத்தினுள் எம்டன் தனித்து நுழைந்தது. அதன் தளபதி கார்ள் வொன் முல்லர். மூன்று புகைபோக்கிகளைக் கொண்ட தம் கப்பல் பிரித்தானியக் கப்பலெனத் தோன்றுமாறு பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றை அவர் நிறுவினார். செப்டெம்பர் 10 ஆம் நாள் தொடங்கி இரு மாதத்துள் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அவர் கையகப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கடலுள் ஆழ்த்தப்பட்டன. ஆழ்ந்தவற்றின் மொத்த அளவு சுமார் 70,000 தொன் என்பர். தேயிலை, சீனி, நிலக்கரி, இறப்பர், செம்பு முதலிய பொருள்கள் அவற்றோடு கடலடி சேர்ந்தன. செப்டெம்பர் மாத இறுதியில் கொழும்புக்கு மேற்கே, பல கப்பல்கள் போக்குவரத்துச் செய்யும் வழியிலேயே நின்று, கிங் லட், டைமெரிக், றிபேரா, போயில் என்னும் கப்பல்களை எம்டன் அழித்தது.

ஆயினும் முல்லர் கைக்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. கப்பலை நிறுத்தி, அதன் தாள்களைச் சோதித்து, அதிலுள்ளோர் அனைவரையும் வேறொரு கப்பலுக்கு மாற்றிய பின்னரே அதனை மூழ்கடித்தார். நடுநிலை நாட்டவரின் சரக்கை ஏற்றிவந்த கபிங்கா என்னும் கப்பலைப் பிடித்தபோது, அதன் தலைவனுடைய மனைவியும் குழந்தையும் அதிலிருந்தனர். முல்லர் அக்கப்பலை அழியாது, பிடிபட்ட மாலுமிகளையெல்லாம் அதிலேற்றி விடுவித்தார். விடைபெற்ற அம்மாலுமிகள் தம் கப்பல்களை அழித்த எம்டனை நோக்கியே வாழ்த்தொலி எழுப்பினர். இலங்கைக் கடலிற் பிடிபட்டோரும் அவ்வாறே கிரிவ்வேல் என்னும் கப்பலிற் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். இலண்டன் பத்திரிகைகளும் பகைவராகிய முல்லரின் பெருந்தன்மையைப் பாராட்டி எழுதின.

1914 செப்டெம்பர் 22 ஆம் நாள் இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்தின் முன் தோன்றி, ஏறத்தாழ அரைமணி நேரம் குண்டு பொழிந்தது. சுமார் 130 குண்டுகள் வெடித்தன; பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலிலும் குண்டுகள் பட்டன. நகர மக்கள் பல்லாயிரவர் அஞ்சி உள்நாட்டுக்கு ஓடினர். உயர்நீதிமன்ற மதிலிற் குண்டு பட்ட இடத்தைக் குறிக்கும் கல் பிற்காலத்தில் அங்கே பதிக்கப்பட்டது. இத்தாக்குதலின் நோக்கம் பிரித்தானியரின் வாணிபத்தைக் குலைப்பதும், இந்திய மக்கள் முன் அவர்தம் மதிப்பைத் தாழ்த்துவதுமே என்று முல்லர் பின்னர் எழுதினார். அந்நோக்கம் ஒருவாறு நிறைவேறிற்று என்பதற்குத் தமிழில் நிலைத்த அச்சொல்லே சான்று.

தமிழ்நாட்டிலே பிரித்தானியரின் கப்பல்கள் மூழ்கியதைக் கேட்டு உள்ளம் குளிர்ந்தோர் இருந்ததிற் காரணம் இல்லாமலில்லை. 1906 ஆம் ஆண்டிலே வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடவிட்டார். பிரிட்டிஷ் இந்தியா என்னும் ஆங்கிலக் கப்பற் கம்பனி கட்டணத்தைக் குறைத்தும் அரசின் ஆதரவைப் பெற்றும் அதனை நெருக்கிற்று. 1908 இற் சிதம்பரம்பிள்ளை சிறையிடப்பட்டார். 1912 இறுதியில் அவர் வெளிவந்தபோது கம்பனி கலைந்துவிட்டிருந்தது. அவர் வறுமையில் உழன்ற அக்காலத்திலேயே எம்டன் இக்கடலுக்கு வந்தது. அது ஆழ்த்திய கப்பல்களுள் ஒன்றாகிய சில்கானா, அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பனியினுடையது. வஞ்சிக்கப்பட்ட மக்கள் தம்மை வஞ்சித்தவன் இழப்பெய்தக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. அதனை எளிதில் இகழ்தல் பொருந்தாது.

ஆயினும் சிதம்பரம்பிள்ளை செய்தது யாது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். அவர் எவருடைய கப்பலையும் ஆழ்த்தக் கருதியவரல்லர். பிறர் கப்பலுக்கு எதிரே தம் கப்பலை ஓட்டினார். கடலைப் பகைவனுக்கு அடைக்காது, தம்மவருக்குத் திறந்துவிட முயன்றார். அவர் பொருட்டு எழுந்த மனக்குமுறல், ஆறாண்டு கழித்து வேற்றொருவனின் பீரங்கி முழக்கத்தில் ஆறுதல் தேடியது. அவ்வாறுதல் நம்மவர்க்கு ஒரு கப்பலையேனும் ஈட்டித் தரவில்லை. கடல் வாணிபம் முன்போல அயலார் கையிலேயே இருந்தது.

எம்டனைப் பாராட்டிய மக்கள் மற்றொன்றையும் பாராட்டினர் எனலாம். முன்னறிவித்து, உயிர்களைக் காத்து, பின்னரே அழிக்கும் முல்லரின் ஒழுகலாறு பண்டைத் தமிழரின் அறப்போர் நெறியை ஒத்தது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பசுக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதார் ஆகியோர் அரண் சேருமாறு அறிவித்த பின்னரே அவன் அம்பு தொடுப்பான் என்று புறநானூற்றிற் சிறப்பித்தார். அழிவின் நடுவிலும் அளவறிந்து நிற்றலே ஆண்டுப் போற்றப்படுகின்றது. ஆனால் "எம்டன்" என்னும் சொல்லிலே எஞ்சியிருப்பது சூழ்ச்சியும் மிரட்டலுமே. கருணை அச்சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. கொண்டாட்டத்தின் இயல்பு அத்தகையது. வென்றவன் தன்னைக் கட்டுப்படுத்திய வகையை அது மறந்துவிடும். தோற்றவன் இழந்த பொருளின் தொகையையே நினைவில் வைக்கும்.

சட்டத்தின் வரலாறும் இவ்வண்மையை விளக்கும். தனியார் கப்பல்கள் அரசின் அனுமதிப் பத்திரத்தோடு பகைவரின் வணிகக் கப்பல்களைக் கொள்ளையிடும் வழக்கத்தை 1856 ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனம் ஒழித்தது. 1907 இற் செய்த ஹேக் உடன்படிக்கை ஒன்று, கரையோரத்தில் மீன்பிடிக்கும் சிறு தோணிகளைக் கைப்பற்றலாகாது என விதித்தது. பிடிபட்ட வணிகக் கப்பலின் மாலுமிகள், அப்போர் முடியும்வரை போர்த்தொடர்பான வேலை செய்வதில்லை என எழுதிக் கொடுப்பின் அவர்களைச் சிறைவைத்தலும் ஆகாது என்றது. பகைநாட்டின் பொருள் வேறு, அப்பொருளைச் சுமக்கும் தொழிலாளி வேறு என்னும் அறிவு இவ்விதிகளுக்கு அடிப்படையாகும். முல்லர் இவ்விதிகளின் உள்நோக்கத்தை உணர்ந்து நடந்தவர்.

நீர்மூழ்கிக் கப்பல் பெருகியதும் இந்நெறி குலைந்தது. பிறரை ஏற்றிக்கொள்ள அதில் இடமில்லை. மேலெழுந்து எச்சரித்தால் அதுவே தாக்குண்டு அழியக்கூடும். 1915 மே 7 ஆம் நாள் லூசிற்றானியா என்னும் பிரித்தானியப் பயணிகள் கப்பல் அயர்லாந்துக்கு அண்மையிற் யேர்மன் நீர்மூழ்கியால் எச்சரிக்கையின்றித் தாக்கப்பட்டு, இருபது நிமிடத்துள் மூழ்கியது. 1,190 பேருக்கு மேல் மாண்டனர். அக்கப்பலிற் பெருந்தொகையான துப்பாக்கி ரவைகளும் இருந்தன. ஆதலின் அதனைத் தாக்கியது தகுமா என்பது பற்றி வாதம் நிகழலாயிற்று, இன்றும் நிகழ்கின்றது. ஆயின் மூனிச் நகரச் சிற்பி கார்ள் கோட்ஸ் அந்நிகழ்ச்சியைக் குறித்து ஒரு பதக்கம் வார்த்தார். கப்பற் கம்பனியின் மேடையில் எலும்புக்கூடு அமர்ந்து பயணச்சீட்டு விற்பதாக அதிற் செதுக்கியிருந்தார். பயணிகளோடு படைப்பொருளையும் ஏற்றிய கம்பனியின் பேராசையைச் சாடுதலே தம் கருத்து என்றார். உலகமோ அதனைக் களிப்பின் சின்னமாகவே கொண்டது. பிரித்தானியர் அதைப் போல இலட்சக்கணக்கான பதக்கங்களை வார்த்து, பகைவர் குழந்தைகளின் சாவைக் கொண்டாடுகின்றனர் என்று பரப்பினர். 1917 இற் பவேரிய அரசே அப்பதக்கத்தைத் தடைசெய்ய நேர்ந்தது. மூழ்கடித்தலைச் சட்டத்தின்வழி நியாயப்படுத்த முயன்றோர்க்கும் அவ்வுலோகத் துண்டை நியாயப்படுத்துதல் அரிதாயிற்று. நாம் முதலிற் பிரித்துக் கூறிய இரு வினாக்களும் உண்மையில் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

போருக்குப் பின்னர் நாடுகள் மீண்டும் முயன்றன. 1936 இல் இலண்டனிற் கையொப்பமிட்ட நெறிமுறை, பயணிகளையும் மாலுமிகளையும் பாதுகாப்பான இடத்திற் சேர்த்த பின்னரே நீர்மூழ்கிகள் வணிகக் கப்பலை மூழ்கடிக்கலாம் என்றது. யேர்மனியும் யப்பானும் பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதனை ஏற்றன. 1939 செப்டெம்பர் 3 ஆம் நாள், பிரித்தானியா போர் அறிவித்த அன்றே, அதீனியா என்னும் பயணிகள் கப்பல் யேர்மன் நீர்மூழ்கியால் ஆழ்த்தப்பட்டது. 1941 டிசெம்பரிற் போருட் புகுந்த அமெரிக்கா, பசிபிக் சமுத்திரத்தில் முதல் நாளிலிருந்தே யப்பானியரின் வணிகக் கப்பல்களை எச்சரிக்கையின்றி அழிக்கக் கட்டளையிட்டது. 1946 இல் நூரெம்பேர்க் நீதிமன்றம் யேர்மன் கடற்படைத் தலைவர் டோனிற்ஸ் இந்நெறிமுறையை மீறினார் எனக் கண்டது. எனினும் பிரித்தானியரும் அமெரிக்கரும் இட்ட அத்தகைய கட்டளைகளைக் கருத்திற்கொண்டு, நீர்மூழ்கிப் போர் விதிமீறலுக்காக அவருக்குத் தண்டனையை அளவிடவில்லை என்றும் கூறியது. இப்பழியினின்றும் முழுவதும் நீங்கிய தரப்பு ஒன்றுமில்லை என்பது அத்தீர்ப்பினாற் புலனாகும்.

இக்காலத்திலேதான் "தொன்" என்னும் அளவை வெற்றியின் அளவையாயிற்று. இத்தனை ஆயிரம் தொன் ஆழ்த்தினோம் என்று வாரந்தோறும் செய்திகள் வெளிவந்தன. நீர்மூழ்கித் தலைவர்க்குத் தொன் கணக்கிற்கு ஏற்ப விருதுகள் வழங்கப்பட்டன. கப்பலின் கொள்ளளவை அறிய வணிகர் வகுத்த அச்சொல்லுக்கு முகமில்லை, பெயரில்லை, ஊரில்லை. அதனாலேயே அது கொண்டாட்டத்திற்கு ஏற்றதாயிற்று. அத்தொன் கணக்கின் உள்ளே யார் இருந்தனர் என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமை.

முதலாம் உலகப் போர் தொடங்கிய வேளையிற் பிரித்தானிய வணிகக் கப்பல்களிற் பணிபுரிந்தோருள் ஏறக்குறைய ஆறில் ஒருவர் லஸ்கர் எனப்பட்ட இந்தியத் துணைக்கண்டத்து மாலுமியர். அவர் தொகை 50,000 இற்கு மேற்பட்டது. நிலக்கரி அள்ளி உலையிற் கொட்டுதல் முதலான கடுந்தொழில்கள் அவர்தம் பங்காயின. குண்டு துளைத்ததும் முதலில் நீர் புகுவது அவர்கள் நின்ற அடித்தளத்திலேயாம். அப்போரில் அவர்களுள் சுமார் 3,400 பேரும், இரண்டாம் உலகப் போரிற் சுமார் 6,600 பேரும் மாண்டனர். இலண்டனில் உள்ள வணிகக் கடற்படை நினைவுச் சின்னத்தில் அவர்தம் பெயர்களைக் காண்பது அரிது. பம்பாயிலும் சிட்டகொங்கிலும் அவர்களுக்கென வைத்த நினைவேடுகளிலே அவை உள்ளன. "பிரித்தானியக் கப்பல் மூழ்கியது" என்று கேட்டு மகிழ்ந்த இந்தியர், தம் நாட்டவர் மூழ்கியதையும் சேர்த்தே மகிழ்ந்தனர் என்பது கசப்பான உண்மை.

கப்பலின் கொடி ஒன்றாகவும் அதிலுள்ளோரின் குலம் வேறாகவும் இருந்த செய்திகள் மேலும் பல. 1942 நவம்பர் 23 ஆம் நாள், பம்பாயிலிருந்து கிழக்காபிரிக்காவை நோக்கிச் சென்ற திலாவா என்னும் பிரித்தானியக் கப்பல் யப்பானிய நீர்மூழ்கியால் ஆழ்த்தப்பட்டது. மாண்ட 280 பேருட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடியும் உறவினரை நாடியும் சென்ற இந்தியர். 1944 செப்டெம்பர் 18 ஆம் நாள், சுமாத்திராவின் மேற்குக் கடலிற் பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்று யுன்யோ மாறு என்னும் யப்பானியக் கப்பலை ஆழ்த்தியது. பகைவரின் தொன் கணக்கிற் சேர்க்கத்தக்க வெற்றி அது. ஆனால் அக்கப்பலின் அடித்தட்டிலே, புகைவண்டிப் பாதை அமைப்பதற்கென யப்பானியர் கொண்டுசென்ற பல்லாயிரம் யாவா நாட்டுத் தொழிலாளரும், நேச நாட்டுப் போர்க்கைதிகளும் அடைபட்டிருந்தனர். ஏறத்தாழ 5,600 பேர் மாண்டனர். தாக்கியவர்க்கு இது தெரியாது. தெரியாமையால் அவர்க்குப் பழியில்லை எனலாம். கொண்டாடத்தக்கது யாதும் ஆங்கில்லை என்பதும் அதே அளவிற்கு உண்மை.

நம் தீவின் அனுபவமும் இதனையே உணர்த்தும். 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அவ்வழி அடைபட்டது. ஏப்பிரில் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9 ஆம் நாள் திருகோணமலையையும் தாக்கின. அதே நாள்களில் வங்கக் கடலிலே மற்றொரு யப்பானியக் கப்பற்படை 23 வணிகக் கப்பல்களை, சுமார் 112,000 தொன் அளவில், ஆழ்த்தியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஏகாதிபத்தியம் தளர்கின்றது என்று உள்ளூர உவந்தோர் அன்றும் இருந்தனர். அவ்வுவகைக்குரிய அரசியற் காரணம் எதுவாயினும், விளைவைச் சுமந்தது உலைப்பானையே. அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கோதுமை மாவு உணவாயிற்று. ஆட்சியாளரின் கொடியைத் தாங்கி ஆழ்ந்த கப்பல்கள், ஆளப்பட்டோரின் வாழ்வையும் சுமந்து சென்ற கப்பல்களே.

இனி, நம் மரபு இதுபற்றி என் கூறுகின்றது என்பதை நோக்குவோம். உண்மையை மறையாது சொன்னால், நம் மரபில் இரு குரல்கள் உள. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்து, கைகளைப் பின்னே கட்டி, தலையில் நெய் பெய்து, அவர்தம் அரும்பொருளைக் கவர்ந்தான் என்பதைப் பதிற்றுப்பத்தின் பதிகம் புகழாகவே கூறும். முதலாம் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் அலைகடலிற் கப்பல் பல செலுத்திக் கடாரத்தின் செல்வத்தைக் கவர்ந்ததை அவனது மெய்க்கீர்த்தி பெருமிதத்தோடு உரைக்கும். இது ஒரு குரல். வீரத்தை வியந்த வள்ளுவரோ, பகைவனுக்கு இடர் நேர்ந்தவிடத்து அவனுக்கும் உதவுதலை அவ்வீரத்தின் கூர்முனை என்று படைச்செருக்கு அதிகாரத்தில் உரைத்தார். இராவணன் வீழ்ந்தபின் பகை மரணத்தோடு முடிந்தது எனக் கூறி, அவனுக்கு இறுதிக் கடன் செய்யுமாறு இராமன் வீடணனைப் பணித்ததாக வான்மீகியார் பாடினார். பாரதப் போரின் முடிவில் வியாசர் வெற்றி விழாவைப் பாடாது, இரு தரப்புப் பெண்டிரும் களத்தில் நின்று அழுததற்கென ஒரு பருவத்தையே வகுத்தார். இது மற்றைய குரல்.

இவ்விரண்டாம் குரலுக்குக் கடலைப் பற்றிய சான்று நம் குடாநாட்டை அடுத்தே உள்ளது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்தில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகர்க்குப் பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்கின்றது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடையுமாயின் நாலில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்திற்கு உரியது. மூன்று பங்கு உடையவனுக்கே சேரும். பிற பண்டங்கள் ஏற்றிய மரக்கலம் உடைந்தாற் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு. இதே போன்று காகதிய மன்னன் கணபதி தேவன், 1244 ஆம் ஆண்டளவில் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அபய சாசனம் ஒன்றை நிறுவினான். புயலில் அகப்பட்டுக் கரையொதுங்கும் கப்பல்களின் பொருள் முழுவதையும் முன்னைய அரசர் கவர்ந்தனர் என்றும், தான் உரிய சுங்கம் ஒன்றையே பெறுவான் என்றும் அதிற் பொறித்தான். பராக்கிரமபாகு போரறியாதவனல்லன், பர்மாவின்மீது கப்பற்படை அனுப்பியவன். அத்தகையவனும் பிறனுடைய கப்பல் உடைந்ததைத் தனக்கு வந்த பேறு எனக் கொள்ளாது, அதனை ஓர் எல்லைக்குள் நிறுத்தினான். பேராசையைத் தணிக்கக் கல்லில் எழுத வேண்டியிருந்தது என்பதே, அப்பேராசை எத்துணை வலிதாயிருந்தது என்பதைக் காட்டும்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். "முற்றுகையிடப்பட்ட நாட்டார், தம்மை அழிக்க வரும் படைக்கலத்தைச் சுமந்த கப்பல் ஆழ்ந்தால் மகிழாது யாது செய்வர்? யப்பானியரின் வணிகக் கப்பல்கள் அழிந்ததனாலன்றோ போர் விரைந்து முடிந்தது?" என்பது அது. இத்தடையில் வலிமை உண்டு. ஆபத்து நீங்கியது என்னும் ஆறுதலை எவரும் குற்றமெனக் கூறார். ஆனால் ஆறுதல் வேறு, களிப்பு வேறு. ஆறுதல் தன் உயிரை நோக்குவது. களிப்பு பிறன் இழப்பை நோக்குவது. ஆறுதலுக்கு மேலும் இழப்பு வேண்டியதில்லை. களிப்போ மேலும் மேலும் கேட்கும். 1945 இல் யப்பானின் துறைமுகங்களைக் கண்ணிவெடியால் அடைத்த அமெரிக்கர் அந்நடவடிக்கைக்குப் "பட்டினி" என்றே பெயரிட்டனர். பெயரிட்டோர் அச்சொல்லின் பொருளை அறியாதவரல்லர். பல்லாண்டுத் தொன் கணக்கிற் பழகிய செவிக்கு அச்சொல் உறுத்தவில்லை. போரில் மாண்ட யப்பானிய வணிக மாலுமிகள் மட்டும் 60,000 இற்கு மேற்பட்டோர். தேவையால் ஒரு கப்பலை ஆழ்த்தியவன் அத்தேவை முடிந்ததும் நிறுத்தக்கூடும். ஆழ்த்துதலை விழாவாக்கிய சமுதாயம் எங்கே நிறுத்துவதென அறியாது நிற்கும்.

களிப்பின்றியும் வெற்றி பெறலாம் என்பதற்குச் சான்று எம்டனின் முடிவிலேயே உள்ளது. 1914 நவம்பர் 9 ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியப் போர்க்கப்பலாகிய சிட்னி எம்டனை எதிர்த்துச் சிதைத்தது. எம்டனில் 130 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்ற யேர்மனியரை ஏற்றிக்கொண்டு சிட்னி நவம்பர் 15 ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்துள் நுழைந்தது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்திருந்தன. அவ்வீரர்க்கு இது முதல் வெற்றிச் செய்தி. கூவி ஆர்ப்பரிக்கத் துடித்திருப்பர். ஆயினும் சிட்னியின் தளபதி கிளொசொப், காயமுற்ற பகைவர் தம் கப்பலில் இருப்பதால் ஆரவாரம் செய்யலாகாது என முன்னரே கேட்டிருந்தார். வென்ற கப்பல் கொழும்பிலே வாழ்த்தொலியின்றி வந்து சேர்ந்தது. போர்க்கப்பலுக்கும் போர்க்கப்பலுக்கும் இடையே நேர்ந்த பொருதலின் பின்னரே இவ்வடக்கம் காட்டப்பட்டது எனின், படைக்கலமேந்தாத மாலுமியின் கப்பல் மூழ்கியவிடத்து அது எத்துணை மிகுதியாக வேண்டப்படும்!

யாழ்ப்பாணத்தவராகிய நாம் கடலை அயலாகக் கொண்டவர். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது நம் பெருமை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், குடாநாட்டுக்குரிய உணவும் மருந்தும் பெரும்பாலும் கடல்வழியே வரவேண்டியிருந்த மாதங்கள் நம் துயரம். கப்பலை எதிர்பார்த்துப் பசித்திருந்த ஊரவர்க்கு, ஒரு வணிகக் கப்பல் வாராமை என்பது யாது எனப் பிறர் விளக்க வேண்டியதில்லை. அவ்வறிவு நம்மிடம் உள்ளதாயின், உலகின் எக்கடலிலாயினும், எக்கொடியின் கீழாயினும், வணிகக் கப்பல் ஒன்று மூழ்கிய செய்தி வரும்பொழுது அதனை நாம் வேறு வகையாகப் படித்தல் வேண்டும். எத்தனை தொன் என்று அறிந்தபின், எத்தனை பேர் எனக் கேட்டல் வேண்டும். அவர்கள் எவ்வூரார், அப்பண்டம் எவர் வீட்டு அடுப்பை நோக்கிச் சென்றது எனவும் கேட்டல் வேண்டும். வரலாற்றைக் கற்பிப்போர் மாணவர்க்கு இவ்வினாக்களைப் பழக்குதல் கடன். எம்டன் என்னும் சொல் நம் நாவிற்கு எளிதாக வந்தது; நயினாதீவுக் கல்வெட்டை முயன்றே படிக்க வேண்டியுள்ளது. படித்தற்குரியது அக்கல்வெட்டே.